சண்டிலிப்பாயில் ஆடு தேடியது

காணித் தரகனுக்கு வாய் வேண்டும் என்று சனம் நினைக்கிறது. பிழை. தரகனுக்கு வேண்டியது வாய்க்குக் கீழே இருக்கிற நாடி.

நாடியால்தான் காணி காட்டுவது. வாங்க வந்தவரை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வேலிகளுக்கு நடுவே ஒழுங்கையால் மெதுவாகப் போக வேண்டும். நிற்கக் கூடாது. விரல் நீட்டக் கூடாது. காணி வரும்போது நாடியை அந்தப் பக்கம் ஒரு சொட்டுத் தூக்க வேண்டும். அவர் பார்த்துக்கொள்வார். பிறகு கோயிலுக்கு வந்த ஆட்கள் மாதிரி இரண்டு பேரும் போய்விட வேண்டும்.

ஏன் இந்த ஒளிப்பு? அயல். ஒரு காணி விலைப்படப் போகிறது என்று அயலுக்குத் தெரிந்தால் அந்தக் காணி விற்காது. ஒருவர் வந்து கிணறு உப்பு என்பார். மற்றவர் எல்லை வழக்கு இருக்கிறது என்பார். இன்னொருவர் அந்த வளவில் விடியப்புறம் வெள்ளைச் சீலையோடு ஒரு பொம்பிளை உலாவுகிறா என்பார். (நான் விசாரித்தேன். அது அவருடைய மாமி. பூப் பறிக்கப் போனவ.) எல்லோருக்கும் அந்தக் காணியில் ஒரு கண். வேறென்ன.

ஆகவே எங்கள் தொழிலின் முதல் சட்டம், அயலுக்கு வாய் திறக்காதே. கடைசிச் சட்டமும் அதுதான். அந்தச் சட்டத்தைக் காப்பாற்றப் போய் நான் ஒரு நாள் கதிரையில் கட்டுண்டு இருந்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

சில வருசத்துக்கு முன் எங்கள் தொழில் படுத்துவிட்டது. காணி விற்கிறவர்கள் போனில் படம் போடத் தொடங்கினார்கள். ட்ரோன் பறந்தது. மேலேயிருந்து பார்த்தால் எல்லாக் காணியும் வடிவு. பின்னுக்குப் பாட்டு வேறு. கனடாவில் இருக்கிறவர் கட்டிலில் படுத்துக்கொண்டே வளவு பார்த்தார். என் நாடியை யார் பார்ப்பது?

புத்தூர்ச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை. அங்கே ஒரு நீள மர வாங்கு. தரகர்மார் எல்லோரும் அதில்தான் இருப்போம். ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். ஒருவர் லொத்தர்ச் சீட்டு விற்கப் போனார். ஒருவர் கலியாணத் தரகுக்கு மாறினார். (அது காணியை விடக் கஷ்டமாம். காணி திருப்பிக் கதைக்காது.)

எனக்கு மச்சான் காத்திருந்தான். என் மனைவி பத்மாவின் தம்பி, ரவி. சுன்னாகத்தில் இரும்புக் கடை வைத்திருக்கிறான்.

"அத்தான், கடைக்கு வாங்கோ. ஆணி நிறுக்கிற இடத்திலை ஒரு கதிரை போட்டுவிடுறன். ஃபானும் இருக்கு."

நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் நோகும். அவன் அரைக் காற்சட்டையோடு பட்டத்துக்குப் பின்னால் ஓடித்திரிந்ததைப் பார்த்தவன் நான். அவனிடம் போய் "முதலாளி, ரெண்டிஞ்சி ஆணி முடிஞ்சுது" என்று சொல்ல வேண்டும்.

பத்மா தீர்ப்புச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, வருசப் பிறப்புக்குள்ளை ஒரு காணி முடியுங்கோ. இல்லாட்டித் தம்பியின்ரை கடை. எனக்கு உங்களை வீட்டிலை வைச்சிருக்க ஏலாது. குசினிக்குள்ளை வந்து சட்டி பானைக்கு இடம் மாத்திச் சொல்லுறியள்."

"ஓம்," என்றேன்.

பங்குனியில் நோர்வே அக்கா வந்தார். போனில்தான். பெயர் புவனேஸ்வரி. அங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். பிள்ளைகள் வேறு வேறு ஊரில். இங்கே வந்து ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு இருந்துவிட வேண்டும் என்று ஆசை. போனில் வந்த வீடியோ எல்லாம் பார்த்து முடித்துவிட்டார்.

"தம்பி, எல்லாம் பருந்து பாத்த காணியாக் கிடக்கு. எனக்கு மனுசர் பாக்கிற மாதிரிக் காட்டுங்கோ. நேரை. வீடியோ கோலிலை."

சண்டிலிப்பாயில் ஒரு வெறும் வளவு என் கையில் இருந்தது. சொந்தக்காரர் கொழும்பில். அயலுக்கு ஒரு சொல் தெரியக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. சண்டிலிப்பாய் என் இடமும் இல்லை. என் ராச்சியம் புத்தூர், நீர்வேலி, அச்சுவேலி. அங்கே என்னை நாய்க்கும் தெரியும். சண்டிலிப்பாயில் மனிதருக்கும் தெரியாது.

போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனால் அயல் கண்டுவிடும். தூக்கிப் பிடிக்காவிட்டால் நோர்வேக்குத் தெரியாது. யோசித்தேன். (நான் யோசித்தால் ஆபத்து என்று பத்மா சொல்வாள். சரிதான்.)

எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்கள் ஹெல்மெட்டுக்குள் கன்னத்தோடு போனைச் செருகிக்கொண்டு கதைப்பார்கள். நானும் அப்படிச் செருகினேன். திரை காதுப் பக்கம். கமரா வெளிப் பக்கம். ஒரு கொஞ்சம் முன்னுக்கு இழுத்துவிட்டால் கமராவின் கண் ஹெல்மெட்டுக்கு வெளியே நிற்கும். என் இடப்பக்கம் என்ன இருக்கிறதோ அது நோர்வேயில் தெரியும். கை இரண்டும் சும்மா. ஒருவருக்கும் சந்தேகம் வராது.

வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். பத்மா தன் போனில் பார்த்தாள்.

"என்ன தெரியுது?"

"அலுமாரி."

"இப்ப?"

"அலுமாரிக்கு மேலை ஒட்டறை. போன தைப்பொங்கலுக்கு அடிக்கச் சொன்னனான்."

நல்லாய் வேலை செய்தது.

குறித்த நாள் காலை சண்டிலிப்பாய் போனேன். நோர்வேயில் அப்போது விடிந்தும் விடியாத நேரம். மோட்டார் சைக்கிளில் இருந்து காட்டினால் குலுங்கும் என்று அதைக் கோயிலடியில் விட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் போன் விழும். பங்குனி வெயில். ஒழுங்கையில் கால்நடையாக, தலையில் ஹெல்மெட்டோடு, இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, சும்மா காற்று வாங்குகிற ஆள் மாதிரி நடந்தேன்.

ஹெல்மெட்டோடு ஊருக்குள் நடந்து திரிகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் என்ன பெயர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடை வாசலில்கூட 'ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்' என்று ஒட்டியிருக்கிறார்கள். அப்படி ஒருவனைப் புத்தூரில் கண்டிருந்தால் நானே பிடித்திருப்பேன். அன்று அது என் மண்டையில் ஏறவில்லை. ஏற இடமும் இல்லை. உள்ளே போன் இருந்தது.

"தம்பி, காணி எங்கை?" காதுக்குள் அக்கா கேட்டார்.

காணி இடப்பக்கம் வந்தது. பழக்க தோஷம். நாடியை இடப்பக்கம் திருப்பித் தூக்கினேன். தலை இடப்பக்கம் திரும்ப, கமரா பின்பக்கம் திரும்பிவிட்டது.

"ஐயோ, இப்ப றோட்டுத் தெரியுது. ஒரு நாய் வருது."

"அது காணி இல்லை அக்கா."

"அது எனக்கும் தெரியுது."

தலையை நேராக்கினேன்.

"இப்ப வேலி தெரியுது. பனையோலை வேலி. நல்ல வேலி. தம்பி, நான் வேலி வாங்க வரேல்லை. உள்ளுக்குக் காட்டுங்கோ."

வேலி என் தலைக்கு மேல். கொஞ்சம் தள்ளி வேலியோரம் ஒரு பெரிய கல் கிடந்தது. ஏறினேன். கமரா பக்கவாட்டில் அல்லவா? ஆகவே வேலிக்குக் காதைக் காட்டிக்கொண்டு நின்றேன். நோர்வே உள்ளே பார்த்தது. நான் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கல் கிடந்தது நான் காட்ட வந்த வளவின் மூலை தாண்டி, பக்கத்து வீட்டு வேலியடியில். அதை நான் கவனிக்கவில்லை.

"என்ன தெரியுது அக்கா?"

"ஒரு கறுத்த ஆடு நிக்குது. பாயிலை என்னவோ காயுது. பனங்கிழங்கு ஒடியல் போலை."

"வெறும் வளவுதான் அக்கா. ஆரேன் ஆடு கட்டியிருப்பினம்."

"இன்னுங் கொஞ்சம் மேலை... சரி. கொஞ்சம் கீழை... இன்னும் மேலை."

ஏறி ஏறி இறங்கினேன்.

"தம்பி, ஒரு பொம்பிளையும் நிக்கிறா."

கமரா குலையும் என்று நான் தலையைத் திருப்பவில்லை.

"தம்பி, அவ எங்களைத்தான் பாக்கிறா."

"கள்ளன்! கள்ளன்! வேலிக்கு மேலாலை மண்டையைக் காட்டுறான்! கெதியா வாங்கோ!"

கல்லிலிருந்து விழுந்தேன். ஓடப் பார்த்தேன். ஹெல்மெட்டோடு ஓடினால் பக்கம் தெரியாது. மதிலில் முட்டினேன். அதற்குள் ஒழுங்கை முழுவதும் வந்துவிட்டது. இரும்பு அலவாங்கு, விளக்குமாறு, உலக்கை. ஒருவர் வாயில் பிரஷோடு வந்தார். எல்லோருக்கும் முன்னால் நின்றவர் அந்த வீட்டுக்காரர் கந்தசாமி. புகையிலைத் தோட்டம் செய்கிறவர். கை இரண்டும் கிணற்றுத் துலா மாதிரி. கத்தியது அவருடைய மனைவி தங்கமலர்.

"ஆரடா நீ? இஞ்சை என்ன தேடுறாய்?" என்றார் கந்தசாமி.

நான் காணித் தரகன் ஐயா என்று சொன்னால் அந்த இடத்தில் முடிந்திருக்கும். ஆனால் சட்டம். அயலுக்குத் தெரிந்தால் காணி போச்சு. காணி போனால் மச்சானின் ஆணிப் பெட்டி. வேறு பதில் தேடினேன். கடைசியாகக் காதில் கேட்டதுதான் வாயில் வந்தது.

"ஆடு," என்றேன். "ஆடு தேடி வந்தனான்."

"என்ன ஆடு?"

"கறுத்த ஆடு."

எல்லோரும் கந்தசாமியைப் பார்த்தார்கள்.

"கறுத்த ஆடோ," என்றார் கந்தசாமி மெதுவாக. "அது என்ரை ஆடு."

தங்கமலர் தலையில் கை வைத்தார். "அப்ப போன மாசம் எங்கடை வெள்ளையைக் கொண்டுபோனவனும் உவன்தான்! இப்ப கறுப்புக்கு வந்திருக்கிறான்!"

ஒரே சொல்லில் இரண்டு ஆடு என் கணக்கில் ஏறியது.

உள்ளே கொண்டுபோனார்கள். மாட்டுக் கயிறு வந்தது. தென்னையில் கட்டுவது என்று தீர்மானம். ஹெல்மெட்டைக் கழற்றிக் கிணற்றுக் கட்டின் மேல் கவிழ்த்து வைத்தார்கள். போன் அதற்குள்ளேயே சிக்கி நின்றது. என் நரைத் தலையைக் கண்டதும் கந்தசாமிக்கு ஒரு சங்கடம்.

"வயசு போன மனுசன். நிக்க வைச்சுக் கட்டக் கூடாது. ஒரு கதிரை கொண்டுவாங்கோ."

பிளாஸ்ரிக் கதிரை வந்தது. இருக்கச் சொன்னார். இருந்தேன். கதிரையோடு சேர்த்துக் கட்டினார்.

"இறுக்கமோ?"

"பரவாயில்லை," என்றேன்.

தங்கமலர் தேத்தண்ணி கொண்டுவந்தார். என் கை கட்டுக்குள் இருந்தபடியால் அவரே பருக்கினார். பருக்கிக்கொண்டே "நாசமறுவான்" என்று ஏசினார். சீனி காணுமோ, இன்னும் போடவோ என்றும் கேட்டார்.

"காணும்," என்றேன்.

அப்போது ஹெல்மெட் கதைத்தது.

"தம்பி... தம்பி... எல்லாம் இருட்டாக் கிடக்கு."

பிரஷோடு நின்றவர் வேலிவரை பாய்ந்தார். கந்தசாமி மட்டும் கிட்டப் போய், உள்ளே கையை விட்டு, போனை இழுத்தெடுத்தார்.

"கூட்டாளி இருக்கிறா!" என்று தங்கமலர் கத்தினார்.

"ஆரம்மா நீங்கள்?" என்றார் கந்தசாமி போனிடம்.

"நான் புவனேஸ்வரி. நோர்வேயிலையிருந்து கதைக்கிறன்."

"நோர்வேயிலை இருந்துகொண்டு சண்டிலிப்பாயிலை ஆடு களவெடுக்கிறியளோ? அங்கை ஆடு இல்லையோ?"

"ஆடெல்லாம் இருக்கு ராசா. எனக்கு ஒரு காணிதான் இல்லை."

நான் பதறினேன். கண்ணைக் காட்டினேன். புருவத்தைத் தூக்கினேன். சொல்லாதீங்கோ என்று தலையை ஆட்டினேன். போன் என் பக்கம் பார்க்கவில்லை. கந்தசாமிதான் பார்த்தார்.

"இவருக்கு வலிப்பு வருகுது போலை. கையிலை இரும்பைக் குடுங்கோ."

என் கையில் ஒரு தேங்காய் உரிக்கும் அலவாங்கை வைத்தார்கள். அதற்குள் அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். பக்கத்து வெறும் வளவு. கொழும்புக்காரர் விற்கப் போகிறார். அதைப் பார்க்கத்தான் இந்தத் தம்பியை அனுப்பினேன். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

"புரோக்கர் எண்டால் பேந்து ஏன் ஆடு எண்டவர்?" என்று கந்தசாமி கேட்டார். நியாயமான கேள்வி. என் வீட்டு நம்பரைக் கேட்டு வாங்கித் தன் போனில் அடித்தார். ஊர் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, உங்கடை மனுசன் என்ன தொழில்?"

"ஏன், என்ன செய்தவர்?" என்றாள் பத்மா.

"ஆடு களவெண்டு பிடிச்சு வைச்சிருக்கிறம்."

அங்கே ஒரு சட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஆடோ? அந்த மனுசன் கோழி வந்தாலே ஒதுங்கி நிண்டு வழி விடுறவர். வடிவாப் பாருங்கோ, வேறை ஆராயும் இருக்கும்." பிறகு கேட்டாள். "தலையிலை ஹெல்மெட் இருக்கோ?"

"இருந்தது."

"அப்ப அவர்தான். வாறம்."

'வாறன்' என்று சொல்லவில்லை. 'வாறம்' என்றாள். வாகனம் மச்சானிடம்தான் இருக்கிறது. அவனும் வருகிறான்.

இனி அயல் தொடங்கும் என்று கண்ணை மூடினேன். கிணறு உப்பு. எல்லை வழக்கு. வெள்ளைச் சீலை. எது முதலில் வரும் என்று காத்திருந்தேன்.

"அக்கா," என்றார் கந்தசாமி, "அந்தக் கிணறு..."

வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"...ஆடி, ஆவணியிலை கொஞ்சம் இறங்கும். ஆனால் தண்ணி சக்கரை. நில்லுங்கோ, காட்டுறன்."

இரண்டு வளவுக்கும் நடுவில் வேலியில் ஒரு பொட்டு இருந்தது. ஆள் குனிந்து போகிற அளவு. அதற்குள்ளால் கந்தசாமி போனார். போனும் போனது. பிறகு தங்கமலர், அலவாங்கு, உலக்கை, பிரஷ், எல்லோரும் போனார்கள். இங்கே நானும் கறுத்த ஆடும் மிஞ்சினோம். அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்க்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் என் காணி விலைப்பட்டுக்கொண்டிருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதிரையோடு எழும்பினேன். கூனிக்கொண்டு, கதிரைக் கால் நாலும் வானத்தைப் பார்க்க, நண்டு மாதிரி நடந்து போய்ப் பொட்டுக்குள்ளால் எட்டினேன்.

வாளி கிணற்றுக்குள் இறங்கி ஏறியது. ஒருவர் குடித்து நாக்கைச் சப்புக் கொட்டிக் காட்டினார். இன்னொருவர் மாமரத்தை அறிமுகம் செய்தார். குறையும் சொன்னார்கள். கோயில் ஸ்பீக்கர் விடியப்புறமே பாடும். மழைக்கு ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும். அதையெல்லாம் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

"வெறும் வளவாக் கிடந்து பாம்பும் நுளம்பும்," என்றார் தங்கமலர். "கள்ளரும் உந்த வளவாலைதான் வாறவங்கள். ஆரேன் வந்து ஒரு விளக்குக் கொளுத்தமாட்டினமோ எண்டு கோயிலுக்கு நேத்தி வைச்சிருக்கிறன் அக்கா."

நான் யாருக்கு ஒளித்தேனோ அவர்கள் எனக்காக நேர்த்தி வைத்திருக்கிறார்கள். பொட்டில் முட்டிக்கொண்டு நின்றபடி இதைக் கேட்டேன்.

"அக்கா, ஒரு உண்மையையும் சொல்லிப்போடுறன்," என்றார் கந்தசாமி. குரல் இறங்கிவிட்டது. "எங்கடை வேலி அரை முழம் உங்கடை பக்கம் வந்திட்டுது. வேலிக்கு நட்ட கதியால் தானா நடந்திட்டுது. நீங்கள் வந்தால் பின்னுக்கு எடுத்துவிடுறன்."

"கதியால் நடக்குமோ?"

"சண்டிலிப்பாயிலை நடக்கும் அக்கா."

நோர்வே சிரித்தது. ஒழுங்கையும் சிரித்தது. பரப்பு எவ்வளவு, உறுதிப் பத்திரம் எப்படி என்று அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தங்கமலரைத்தான் கேட்டார்.

"பின்னேரத்திலை என்ன செய்வியள் பிள்ளை?"

"என்னத்தைச் செய்யிறது. இந்தப் பொட்டடியிலை வந்து நிப்பன். அங்காலை ஆள் இல்லை. ஆட்டோடைதான் கதை."

அக்காவும் தன் பக்கத்தைச் சொன்னார்.

"நான் இருக்கிற மாடியிலை பக்கத்துக் கதவுக்குப் பின்னாலை ஆரெண்டு எனக்கு இன்னும் தெரியாது," என்றார். "எனக்கு இந்த வளவு காணும்."

விற்றுவிட்டது. எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. துள்ளினேன். பொட்டில் கதிரை மாட்டிக்கொண்டது. முன்னுக்கும் போக முடியவில்லை, பின்னுக்கும் வர முடியவில்லை. ஆடு வந்து கயிற்று நுனியைச் சப்பத் தொடங்கியது. அந்த நேரம்தான் வாசல் படலை திறந்தது.

"அத்தான்," என்றான் ரவி. ஆட்டைப் பிடித்து அப்பால் இழுத்தான்.

பத்மா என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள்.

"காணி பாக்கப் போனால் காணியோடை வாங்கோ. கதிரையை ஏன் கொண்டு வாறியள்?"

எல்லோரும் சேர்ந்து என்னை இழுத்தெடுத்தார்கள். அவிழ்க்கவில்லை. ஏனென்றால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதையும் கந்தசாமிதான் கேட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, தெரிய வேண்டும் என்றுதான் கேட்டார்.

"அக்கா, நீங்களும் நாங்களும் கதைச்சாச்சு. கொழும்புக்காரரின்ரை நம்பர் என்னட்டையும் இருக்கு. அப்ப நடுவிலை உவர் என்னத்துக்கு?"

அந்தக் கேள்வியைத்தான் ஒரு வருசமாக ட்ரோன் என் தலைக்கு மேலே கேட்டுக்கொண்டு பறந்தது. ரவி என் தோளில் கை வைத்தான். ஆணிப் பெட்டி கண்ணில் தெரிந்தது.

"அவரை அவிட்டு விடுங்கோ," என்றார் அக்கா. "எத்தினை பேர் எனக்குக் காணி காட்டினவை. ஒருதரும் பிடிபடேல்லை. இந்தத் தம்பி பிடிபட்டபடியாலைதான் நான் உங்களைக் கண்டன். அவரின்ரை தரகு அவருக்குத்தான்."

அவிழ்த்தார்கள். இன்னொரு தேத்தண்ணி வந்தது. இம்முறை நானே பிடித்துக் குடித்தேன். மச்சானுக்கும் கொடுத்தார்கள். அவன் கயிற்றையே பார்த்துக்கொண்டு குடித்தான்.

வருசப் பிறப்புக்கு முன் உறுதி எழுதியாயிற்று. கொழும்புக்காரருக்குத்தான் கோபம். அயலுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். ஆடு சொன்னது என்றேன்.

இப்போது காணி பார்க்க வருகிறவரை நேரே பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். படலையைத் தட்டி, இவர் உங்களுக்குப் பக்கத்தில் வரப் பார்க்கிறார் என்று சொல்லி இருத்திவிடுவேன். தேத்தண்ணி வந்தால் பாதிக் காணி முடிந்தது. சில வீட்டில் வராது. அங்கே நான் விற்பதில்லை. ட்ரோன் விடுகிற பெடியன் ஒருவனும் இப்போது என்னோடு வருகிறான். "மேலாலை நான், கீழாலை நீங்கள் அண்ணை" என்கிறான். பிழையில்லை.

ரவி இந்தக் கதையை எல்லாக் கலியாண வீட்டிலும் சொல்கிறான். முதலில் ஒரு ஆடு. அடுத்த பந்தியில் மூன்று ஆடு. போன ஆவணியில் ஒரு சாமத்தியச் சடங்கு வீட்டில், நான் கதிரையோடு ஒரு பசுவையும் கன்றையும் இழுத்துக்கொண்டு ஓடினேனாம். பத்மா திருத்துவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

"கண்டுக்குட்டி ரெண்டு, தம்பி," என்றாள்.

நானும் திருத்துவதில்லை. கதை முடிந்து கை கழுவப் போகிற இடத்தில் யாராவது ஒருவர் கிட்ட வந்து, "அண்ணை, எங்களுக்கும் ஒரு வளவு பாக்கவேணும்," என்பார். ஆடு மட்டும் இருந்த காலத்தில் ஒருவர்தான் வருவார். மாடு வந்த பிறகு இரண்டு பேர் வருகிறார்கள்.

யானை வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.